சுரங்கச் சேற்றிலிருந்து நீரைப் பிரிப்பது: பாலிமர், சென்ட்ரிஃபியூஜ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் அல்பெர்டா மாகாணத்தில், ஃபோர்ட் மெக்மரி நகருக்கு வடக்கே எண்ணெய் மணல் சுரங்கங்கள் இருக்கின்றன. அங்கே தேங்கிக் கிடக்கும் திரவக் கழிவுச் சேறு 100 கோடி கன மீட்டருக்கும் மேல். அதிலிருந்து நீரைப் பிரிக்கப் பாலிமரையும் (துகள்களைத் திரளாகக் கட்டும் நீண்ட சங்கிலி மூலக்கூறு) சென்ட்ரிஃபியூஜையும் (வேகமாகச் சுழற்றித் திடப்பொருளையும் நீரையும் பிரிக்கும் இயந்திரம்) சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். வேதிப் பொறியியல் மாணவர்களும் சுற்றுச்சூழல் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்செல்லாம் இயந்திரத்தைப் பற்றியே இருக்கிறது. ஆனால் வேலை வெற்றி பெறுவதும் தோற்பதும் இயந்திரத்துக்கு முன்னால் நடக்கும் கலக்கலிலும், பின்னால் கேக்கை, அதாவது நீர் பிரிந்தபின் மிஞ்சும் கெட்டிச் சேற்றை, கொட்டி வைக்கும் இடத்திலும்தான். அந்த இரண்டுக்கும் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

இந்தச் சேறு எங்கிருந்து வருகிறது?

எண்ணெய் மணல் என்பது மணல், களிமண், நீர் ஆகியவற்றோடு பிட்டுமென் என்ற கெட்டியான தார் கலந்த மண். நல்ல தாதுவில் எடைக்கணக்கில் பத்து, பன்னிரண்டு சதவீதம் பிட்டுமென் இருக்கும். அதை வெந்நீரில் கலக்கிப் பிரித்தெடுக்கும் முறையைக் கார்ல் கிளார்க் 1920களில் உருவாக்கினார். இன்றைக்குச் சன்கோர் என்று அறியப்படும் நிறுவனம் 1967இலும், சின்குரூட் 1978இலும் இந்த முறையில் பெரிய அளவு உற்பத்தியைத் தொடங்கின. பிட்டுமென் நுரையோடு மேலே மிதந்து வந்துவிடும். மணலும் களிமண்ணும் மிச்சமிருக்கும் சிறிது பிட்டுமெனும் வெந்நீரோடு குழாய் வழியாகக் கழிவுக் குளத்துக்குப் போகும்.

குளத்தின் ஓரத்தில் மணல் உடனே படிந்து கரையாகிவிடும். 44 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான நுண்துகள்கள் நீரோடு ஓடிக் குளத்தின் நடுவே சேரும். சில ஆண்டுகளில் அவை 30 முதல் 35 சதவீதம் திடப்பொருள் கொண்ட சேறாகக் கெட்டிப்படும். அதன் பிறகு நின்றுவிடும். பத்தாண்டு கழித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே நிலைதான். இந்தத் துறையில் இதை 'முதிர்ந்த நுண்சேறு' என்ற பொருளில் எம்எஃப்டி என்று அழைக்கிறார்கள்.

மணல் படிகிறது, களிமண் மட்டும் ஏன் படிய மறுக்கிறது?

முதல் காரணம் அளவு. சுத்தமான அசையாத நீரில் 2 மைக்ரான் களிமண் துகள் ஒரு நாளில் சுமார் 30 சென்டிமீட்டர் இறங்கும். 0.2 மைக்ரான் துகள் இறங்குவது 3 மில்லிமீட்டர்தான். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடுகிறது.

ஆனால் அளவை மட்டும் சொல்லி நிறுத்தினால் கதை பாதிதான். இந்தக் களிமண்ணில் பெரும்பகுதி கயோலினைட், இல்லைட் என்ற கனிமங்கள். அவை தட்டையான தகடுகள். தகட்டின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. பிட்டுமெனைப் பிரிப்பதற்காக நீரில் காஸ்டிக் சோடா சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டும்போது தகடுகள் ஒன்றையொன்று இன்னும் வலுவாகத் தள்ளுகின்றன. அதாவது, எண்ணெயை எடுக்க உதவும் அதே ரசாயனம்தான் கழிவைத் தீராத தொல்லையாக்கிவிடுகிறது. சேறு ஓரளவு கெட்டியானதும் தகடுகள் விளிம்போடு முகம் தொட்டு மெல்லிய சட்டகமாக நின்றுவிடுகின்றன. நீர் அந்தச் சட்டகத்தின் இடுக்குகளில் மாட்டிக்கொள்கிறது. சட்டகத்தை நசுக்கும் அளவுக்கு மேலே எடை இல்லை. நீர் வெளியேறும் வழியோ மிக மிகக் குறுகல். தானாக இறுக வேண்டுமென்றால் பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள் ஆகும் என்பது அதனால்தான்.

குளத்திலேயே விட்டுவைத்தால் என்ன? அது பாட்டுக்கு இருக்கட்டுமே?

அது பாட்டுக்கு இருப்பதில்லை. 2008 ஏப்ரலில் சின்குரூட்டின் ஆரோரா கழிவுக் குளத்தில் வலசை வந்த வாத்துகள் இறங்கின. மிதந்துகிடந்த பிட்டுமென் சிறகில் ஒட்டி 1,600க்கும் மேற்பட்டவை செத்தன. 2010இல் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் கனடிய டாலர் தண்டனைத் தொகை விதிக்கப்பட்டது. மில்ட்ரெட் ஏரிக் கழிவுக் குளத்தில் 1990களிலிருந்து மீத்தேன் குமிழிகள் வருகின்றன. பிட்டுமெனைச் சுத்தப்படுத்தச் சேர்த்து, சேற்றில் மிச்சமிருக்கும் கரைப்பானை நுண்ணுயிர்கள் தின்பதால் வரும் வாயு அது. (அந்தக் குமிழிகள் மேலேறும்போது நீர் வெளியேற வழி திறந்து, சேறு சற்று வேகமாக இறுகுகிறது என்பதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். எதிர்பாராத நன்மைதான், ஆனால் மீத்தேனைக் காற்றில் விட்டுப் பெறும் நன்மை.)

கசிவு இன்னொரு கவலை. இம்பீரியல் ஆயில் நிறுவனத்தின் கேர்ல் சுரங்கத்தில் 2022 மே மாதம் நிறம் மாறிய நீர் கசிவது கவனிக்கப்பட்டது. கீழ்ப்பகுதியில் ஃபோர்ட் சிப்வயானில் வாழும் முதற்குடி மக்களுக்கு முழு விவரம் தெரியவந்தது 2023 பிப்ரவரியில். அதே சுரங்கத்தில் வடிநீர்க் குளம் ஒன்று நிரம்பி 53 லட்சம் லிட்டர் வெளியேறிய பிறகுதான் செய்தி வெளியே வந்தது. அந்த மாதங்களிலும் அவர்கள் அந்த நிலத்தில் வேட்டையாடி, மீன் பிடித்து உண்டுகொண்டிருந்தார்கள். இதைத் தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று உடைந்தது இரும்புத்தாதுச் சுரங்கத்தின் கழிவு அணை. 270 பேர் இறந்தார்கள். அல்பெர்டாவின் கரைகள் வேறு வகைக் கட்டுமானம், அவற்றை அதோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் சேற்றில் நீர் இருக்கும் வரை அதைத் தாங்கி நிற்க ஒரு கரை வேண்டும், அந்தக் கரையை யாராவது காலம் முழுக்கக் காவல் காக்க வேண்டும். நீரைப் பிரிப்பதன் அடிப்படை நோக்கமே இந்தக் காவல் தேவையை ஒழிப்பது.

இதில் பாலிமர் என்பது எது? அது செய்வது என்ன?

பாலிஅக்ரிலமைடு. இன்னும் துல்லியமாகச் சொன்னால் அக்ரிலமைடும் சோடியம் அக்ரிலேட்டும் சேர்ந்த நீண்ட சங்கிலி. சுமார் முப்பது சதவீத அலகுகளில் எதிர்மின்னூட்டம் இருக்கும். மூலக்கூறு எடை ஒரு கோடி டால்டனுக்கு மேல் (ஒரு டால்டன் என்பது ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை). நீரில் விரிந்த நிலையில் ஒரே சங்கிலி பல களிமண் துகள்களைத் தொட்டுப் பிடிக்கும். இப்படிப் பல சங்கிலிகள் குறுக்கும் நெடுக்கும் கட்டும்போது, தனித்தனியே மிதந்த தகடுகள் கண்ணுக்குத் தெரியும் திரளாக மாறுகின்றன.

துகளும் எதிர்மின், பாலிமரும் எதிர்மின். எப்படி ஒட்டும் என்று கேட்பவர்கள் சரியான இடத்தில்தான் கேட்கிறார்கள். பாதி விடை, மின்னூட்டமில்லாத அமைடு பகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டுகின்றன என்பது. மீதி விடை கால்சியம். இரண்டு நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியம் அயனி, களிமண்ணுக்கும் பாலிமருக்கும் நடுவே பாலமாக நிற்கிறது. சின்குரூட் பாலிமரோடு ஜிப்சமும் (கால்சியம் சல்பேட்) சேர்ப்பது இதற்காகத்தான். ஜிப்சம் தகடுகளுக்கிடையே உள்ள தள்ளுவிசையைத் தணிக்கிறது, பாலிமர் அவற்றைக் கட்டுகிறது.

நம் கிராமங்களில் கலங்கல் நீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவைப்பார்களே, அதே தத்துவம்தான். விதையிலிருந்து கரையும் இயற்கைப் பாலிமர் சேற்றுத் துகள்களைச் சேர்த்துக் கீழே இறக்குகிறது. வேறுபாடு, பானையில் சேறு அரை சதவீதம்கூட இருக்காது. இங்கே முப்பது சதவீதம்.

எவ்வளவு பாலிமர் சேர்க்க வேண்டும்? கூடுதலாகச் சேர்த்தால் கூடுதல் பலன் கிடைக்குமா?

ஒரு டன் உலர் திடப்பொருளுக்குச் சில நூறு கிராமிலிருந்து ஒன்றரை கிலோ வரை என்பது வழக்கமான வரம்பு. கூடுதலாகச் சேர்த்தால் பலன் கூடாது. ஒரு அளவுக்கு மேல் குறையும். எல்லாத் துகள்களையும் பாலிமரே மூடிவிட்டால் அடுத்த துகளைப் பிடிக்க இடம் இருக்காது. மிச்சப் பாலிமர் நீரைக் கொழகொழப்பாக்கிப் பிரிவதையே தடுக்கும்.

அனுபவமுள்ளவர்கள் திடப்பொருள் எடையை மட்டும் வைத்து அளவை முடிவு செய்வதில்லை. களிமண் எவ்வளவு என்பதுதான் அவர்கள் கேள்வி. ஒரே முப்பது சதவீதத் திடப்பொருள் கொண்ட இரண்டு சேறுகளில் ஒன்றில் வண்டல் அதிகமாகவும், மற்றொன்றில் களிமண் அதிகமாகவும் இருக்கலாம். இரண்டாவது, பாலிமரைக் குடித்துத் தீர்க்கும். இதை அறிய மெத்திலீன் நீலச் சோதனை செய்கிறார்கள். சேற்றில் நீலச் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு துளியை வடிதாளில் வைப்பார்கள். களிமண் சாயத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் வரை துளியின் நடு மட்டும் கருநீலமாக இருக்கும், சுற்றிலும் நிறமற்ற ஈரம். களிமண்ணின் பரப்பு நிரம்பியதும் துளியைச் சுற்றி வெளிர்நீல வளையம் தெரியும். அந்த வளையம் தோன்றும்போது செலவான சாயத்தின் அளவே களிமண்ணின் அளவுகோல். இத்தனை பெரிய ஆலையின் பாலிமர்ச் செலவை ஒரு துண்டு வடிதாள் தீர்மானிக்கிறது.

கலக்குவதில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஒரு பீக்கரில் எம்எஃப்டியை எடுத்து, சுழலும் கரண்டியின் கீழ் வைத்துப் பாலிமர்க் கரைசலை ஊற்றிப் பாருங்கள். முதல் சில விநாடிகளில் ஒன்றும் நடக்காது. பிறகு சேறு திடீரெனக் கெட்டியாகும், மோட்டார் திணறுவது காதிலேயே கேட்கும். பளபளப்பு போய்ச் சொரசொரப்பாக, கட்டி கட்டியாக மாறும். சற்றே தாமதித்தால் கட்டிகளுக்கு நடுவே நீர் எட்டிப் பார்க்கும். அந்தக் கணத்தில் கரண்டியை நிறுத்தினால் வெற்றி. இன்னும் கொஞ்ச நேரம் சுற்றவிட்டால் கட்டிகள் சிதைந்து, பழைய குழம்பாகவே ஆகிவிடும். அறுந்த பாலிமர்ச் சங்கிலி திரும்ப ஒட்டாது. மறுபடி பாலிமர் ஊற்றினாலும் முன்னைப் போலத் திரள் வராது.

இந்தச் சில விநாடிகளைப் பெரிய குழாயில், ஓடுகிற சேற்றில் பிடிக்க வேண்டும் என்பதுதான் ஆலையின் சவால். பாலிமரை எந்த இடத்தில் செலுத்துவது, அங்கிருந்து இயந்திரம் வரை எத்தனை மீட்டர் குழாய், எத்தனை வளைவு என்பதெல்லாம் அளவோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியவை. பாலிமர் சரியில்லை என்று விற்பனையாளரைக் குறை சொல்லும் பல இடங்களில் குற்றவாளி பாலிமரைச் செலுத்தும் ஊசிக்குழாய் நிற்கும் இடம்தான் என்பது என் உறுதியான கருத்து.

பாலிமர்ப் பொடியை நேராகச் சேற்றில் கொட்டக் கூடாதா?

கூடாது. பொடி நீரைத் தொட்டதும் வெளிப்பக்கம் வழுவழுப்பான உறையாகி, உள்ளே உலர்ந்த பொடி அப்படியே சிக்கிக்கொள்ளும். முதலில் ஒவ்வொரு மணியும் தனித்தனியே நனையும்படி தூவி, 0.2 முதல் 0.5 சதவீதக் கரைசலாக்கி, சங்கிலிகள் விரிய நேரம் கொடுக்க வேண்டும். மெதுவாகக் கலக்க வேண்டும், அதிவேக பம்ப் சங்கிலியை அறுத்துவிடும். உப்பும் கால்சியமும் நிறைந்த சுழற்சி நீரில் கரைத்தால் சங்கிலி சுருண்டே கிடக்கும். நல்ல நீர் கிடைத்தால் அதில் கரைப்பதே மேல்.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கரைசல் தரையில் சிந்தினால் கால் வைக்க முடியாத அளவுக்கு வழுக்கும். தண்ணீர் விட்டுக் கழுவினால் இன்னும் மோசம். மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி அள்ளிவிட்டுப் பிறகே கழுவ வேண்டும்.

சென்ட்ரிஃபியூஜுக்குள் என்ன நடக்கிறது?

இங்கே பயன்படுவது டிகாண்டர் வகை. படுக்கை வசமாகக் கிடக்கும் நீண்ட எஃகு உருளை, ஒரு முனை கூம்பாகக் குறுகியிருக்கும். உருளை வேகமாகச் சுழலும். அதனுள்ளே உருளையைவிடச் சற்றே வேறுபட்ட வேகத்தில் ஒரு திருகு சுழலும். திரளான சேறு நடுக்குழாய் வழியாக உள்ளே நுழைகிறது. கனமான திரள்கள் சுவரை நோக்கி வீசப்பட்டு அடுக்காகப் படிகின்றன. நீர் உள்வளையமாக நிற்கிறது. திருகு படிந்ததைக் கூம்பு முனைக்குத் தள்ளி வெளியேற்றுகிறது. நீர் மறுமுனையில் இருக்கும் தடுப்புத் தகட்டைத் தாண்டி வழிகிறது.

விசையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 1,500 முறை சுழன்றால், சுவரருகே விசை புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 1,250 மடங்கு. குளத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்காதது இங்கே சில நிமிடங்களுக்குள் நடந்துவிடுகிறது.

ஓட்டுபவர் கையில் முக்கியமாக மூன்று பிடிகள் இருக்கின்றன. உருளைக்கும் திருகுக்கும் இடையிலான வேக வேறுபாட்டைக் குறைத்தால் கேக் உள்ளே அதிக நேரம் தங்கி உலர்வாக வரும், ஆனால் திருகின் மீது முறுக்குவிசை ஏறும். அளவு மீறினால் இயந்திரம் தானே நின்றுவிடும். வேறுபாட்டைக் கூட்டினால் கேக் ஈரமாக வரும். தடுப்புத் தகட்டின் உயரம் நீர்வளையத்தின் ஆழத்தை மாற்றும். மூன்றாவது, சேறு வரும் வேகம். இந்த மூன்றோடு பாலிமர் அளவும் சேர்ந்தால், ஒன்றைத் தொட்டால் மற்றவை எல்லாம் நகரும். மணல் கலந்த சேறு திருகின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பதால், அங்கே டங்ஸ்டன் கார்பைடு ஓடுகளைப் பதிப்பார்கள். பராமரிப்புச் செலவில் பெரும்பங்கு இந்தத் தேய்மானத்துக்கே போகும்.

சின்குரூட் மில்ட்ரெட் ஏரி வளாகத்தில் 18 சென்ட்ரிஃபியூஜ்கள் கொண்ட ஆலையை 2015இல் முழு அளவில் இயக்கத் தொடங்கியது. செலவு ஏறக்குறைய 190 கோடி கனடிய டாலர்.

பாலிமர் இல்லாமல் இயந்திரம் மட்டும் போதாதா?

சேறு கொஞ்சம் கெட்டியாகும். நுண்களிமண் நீரோடு சேர்ந்து திரும்பக் குளத்துக்கே போகும். எது தொல்லையோ அதுவே தப்பித்துவிடுகிறது. பாலிமரால் துகளின் அளவை நூறு மடங்கு பெருக்கியபின் இயந்திரத்தில் விட்டால்தான் களிமண் கேக்கில் மாட்டும்.

சேற்றில் 30 சதவீதமாக இருந்த திடப்பொருள், இயந்திரத்திலிருந்து வரும் கேக்கில் 55 சதவீதம். இதற்கா இவ்வளவு செலவு?

சதவீதம் இங்கே கண்ணை ஏமாற்றுகிறது. 100 கிலோ சேற்றை எடுத்துக்கொள்வோம். 30 கிலோ திடப்பொருள், 70 கிலோ நீர். கேக் 55 சதவீதம் என்றால் அதே 30 கிலோ திடப்பொருளோடு இருக்கும் நீர் 24.5 கிலோதான். அதாவது 70 கிலோவில் 45.5 கிலோ நீர் வெளியே வந்துவிட்டது, மூன்றில் இரண்டு பங்கு. கன அளவில் பார்த்தால் 81 லிட்டர் சேறு 36 லிட்டராகச் சுருங்குகிறது. டன்னுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் இதற்குச் செலவாகும் பாலிமர் 30 கிராம், 0.4 சதவீதக் கரைசலாகச் சேர்த்தால் ஏழரை லிட்டர் நீர் கூடுதலாக உள்ளே போகிறது. அந்த ஏழரை லிட்டரையும் இயந்திரம் திரும்ப வெளியேற்ற வேண்டும் என்பதைப் பலர் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் 55 சதவீதக் கேக் கெட்டியான மண்தானே? அதோடு வேலை முடிந்துவிட்டதா?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மல்லுக்கு நிற்பேன். 55 சதவீதக் கேக் கையில் எடுத்தால் உருட்ட வரும், ஆனால் அதன் மேல் லாரி போகாது. ஆள் நடந்தால் கால் புதையும். இன்னும் எடையில் பாதிக்குச் சற்றே குறைவாக நீர் இருக்கிறது. சுரங்கம் மூடி, மண் பரப்பி, மரம் நட்டு, அதன் மேல் மனிதரும் மூசு மானும் நடமாட வேண்டுமென்றால் அது இன்னும் வெகுதூரம் இறுக வேண்டும்.

அங்கே குளிர்காலம் உதவிக்கு வருகிறது. கேக்கை மெல்லிய அடுக்காகப் பரப்பினால் பனிக்காலத்தில் உறையும். உறையும்போது நீர் களிமண்ணிலிருந்து உறிஞ்சப்பட்டுத் தனிப் பனித்தகடுகளாக வளரும். இடையிலிருக்கும் களிமண் நசுங்கிக் கட்டியாகும். வசந்தத்தில் பனி உருகினால் நீர் வடிந்துவிடும், களிமண் மறுபடி குழம்பாவதில்லை. செலவில்லாத, சத்தமில்லாத நீர்நீக்கம் இது. ஆனால் அடுக்கு மெல்லியதாக இருந்தால்தான் குளிர் உள்ளே இறங்கும். மெல்லிய அடுக்கென்றால் பரந்த நிலம் வேண்டும். நிலத்தை மிச்சப்படுத்த ஆழமாகக் கொட்டினால் மேல்பகுதி மட்டும் உறைந்து உருகும். அடியில் இருப்பது தன் எடையால் மெல்ல மெல்லத்தான் இறுகும், அதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். பாலிமர் கட்டிய திரளும் இங்கே இரண்டு விதமாக நடந்துகொள்கிறது: தொடக்கத்தில் நீரை வேகமாக விடுகிறது, பிறகு திரளுக்குள்ளேயே சிக்கிய நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எனவே ஆலை வாசலில் எடுத்த 55 என்ற எண்ணை மட்டும் காட்டி யாராவது பெருமைப்பட்டால், அந்தக் கேக் ஐந்து ஆண்டு கழித்து எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

பிரிந்த நீர் எங்கே போகிறது?

பிட்டுமென் பிரிக்கும் ஆலைக்கே திரும்புகிறது. ஆற்றில் விட அனுமதி இல்லை. சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவதால் புது நீர் எடுப்பது குறைகிறது, ஆனால் சோடியமும் குளோரைடும் ஒவ்வொரு சுற்றிலும் ஏறுகின்றன. அதனால்தான் தெளிநீர் உண்மையிலேயே தெளிவாக இருக்க வேண்டும்: ஒரு சதவீதம் களிமண் தப்பினாலும் அது சுழன்று சுழன்று சேர்ந்துகொண்டே போகும்.

பாலிமர் நஞ்சு இல்லையா?

பாலிமரும் அதன் மூலப்பொருளும் வேறு வேறு. அக்ரிலமைடு என்ற மூலப்பொருள் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நஞ்சு. பாலிமரில் அது மிகச் சிறு அளவில் மிச்சமிருக்கலாம், அதற்கு உச்சவரம்பு வைத்துத்தான் விற்கிறார்கள். நீண்ட சங்கிலியான எதிர்மின் பாலிஅக்ரிலமைடின் நச்சுத்தன்மை குறைவு. குடிநீர் சுத்திகரிப்பிலும் பல நாடுகள் அதைப் பயன்படுத்துகின்றன. நேர்மின் வகை வேறு கதை: அது மீன்களின் செவுளில் ஒட்டி மூச்சைத் திணறடிக்கும்.

ஆனால் இந்தக் குளங்களைப் பொறுத்தவரை பாலிமரைக் கண்டு அஞ்சுபவர்கள் தவறான பக்கம் பார்க்கிறார்கள் என்றே சொல்வேன். நீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் நாஃப்தெனிக் அமிலங்கள்தான் மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் பெரிய ஆபத்து. அவை பிட்டுமெனிலிருந்தே வருகின்றன. பாலிமரும் சென்ட்ரிஃபியூஜும் அவற்றைத் தொடுவதே இல்லை. சேறு கெட்டியாகும், அமிலம் நீரோடு போகும். நீர் தெளிந்துவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

வேறு வழிகளே இல்லையா?

இருக்கின்றன. பாலிமர் கலந்த சேற்றைச் சாய்வான நிலத்தில் மெல்லிய அடுக்காக விட்டுக் காயவைப்பது ஒன்று. சன்கோர் 2010 வாக்கில் இதைப் பெரிய அளவில் செய்தது. சேறு, மணல், ஜிப்சம் மூன்றையும் சேர்த்து, மணலின் எடையால் களிமண்ணை நசுக்குவது இன்னொன்று. சின்குரூட் தோண்டி முடித்த குழியில் சேற்றை நிரப்பி மேலே நீர் நிறுத்தி ஏரியாக்கும் சோதனையையும் 2012 முதல் நடத்திவருகிறது. மற்ற உலோகச் சுரங்கங்களில் வடிகட்டியால் நீரை உறிஞ்சி உலர்ந்த மண்ணாக அடுக்குகிறார்கள். சிலியின் லா கோய்ப்பா, அலாஸ்காவின் கிரீன்ஸ் கிரீக் ஆகியவை அறியப்பட்ட உதாரணங்கள். புருமாடின்யோவுக்குப் பிறகு பிரேசிலும் அந்தப் பக்கம் திரும்பியது. எம்எஃப்டியில் அதைச் செய்வது கடினம், ஏனென்றால் களிமண்ணும் மிச்சப் பிட்டுமெனும் வடிதுணியை அடைத்துவிடும்.

இந்தியாவில் இந்த இயந்திரத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பலவற்றில் இதே டிகாண்டர் ஓடுகிறது. அங்கே சேறு உயிர்க்கழிவு என்பதால் நேர்மின் பாலிமர் பயன்படுத்துகிறார்கள். இயந்திரத்தின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் மாணவர்கள் அனுமதி பெற்று அங்கே போய்ப் பார்ப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

அல்பெர்டா 2009இல் 74ஆம் எண் ஆணையை வெளியிட்டது. 2013 முதல் நுண்துகளில் பாதியைப் பிடிக்க வேண்டும். கொட்டிய படிவு ஓராண்டில் 5 கிலோபாஸ்கல், ஐந்தாண்டில் 10 கிலோபாஸ்கல் வலிமை (மண் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கான அளவு) பெற வேண்டும் என்றது. நிறுவனங்களால் எட்ட முடியவில்லை. 2015இல் அந்த ஆணை கைவிடப்பட்டு, புதிய கட்டமைப்பு வந்தது. 2016இல் 85ஆம் எண் ஆணை. இப்போதைய விதி, சுரங்கத்தின் ஆயுள் முடிந்து பத்தாண்டுக்குள் எல்லாச் சேறும் நில மீட்புக்குத் தயாரான நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. பழைய விதி கடினமானது, ஆனால் ஒரு எண்ணையும் ஒரு ஆண்டையும் சொன்னது. புதியது கெடுவைத் தூரத்தில் வைத்துவிட்டது. நான் பழையதன் பக்கம்.

ஒரு நிறுவனம் 'குளத்தை மீட்டுவிட்டோம்' என்று அறிவித்தால் எதைச் சரிபார்க்க வேண்டும்?

அந்தக் குளத்துச் சேறு எங்கே போனது என்பதை முதலில் பாருங்கள். சன்கோர் தன் முதல் கழிவுக் குளத்தை 2010இல் மண் மூடி, செடி நட்டு, வாபிசிவ் லுக்அவுட் என்று பெயரிட்டது. எண்ணெய் மணல் துறையில் ஒரு கழிவுக் குளத்தின் மேற்பரப்பு மீட்கப்பட்டது அதுதான் முதல் முறை, நல்ல செயல்தான். ஆனால் அதிலிருந்த நுண்சேறு வேறு குளத்துக்கு இறைக்கப்பட்டு, அந்த இடம் மணலால் நிரப்பப்பட்டது.

அடுத்து, பதப்படுத்திய சேற்றின் கன அளவைவிட, ஆண்டு முடிவில் மிச்சமிருக்கும் திரவச் சேற்றின் கன அளவைப் பாருங்கள். அல்பெர்டா எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஆண்டுதோறும் இதை ஒவ்வொரு சுரங்கத்துக்கும் தனித்தனியாக வெளியிடுகிறது. ஒரு பக்கம் சென்ட்ரிஃபியூஜ் ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கம் புதுச் சேறு அதைவிட வேகமாக வந்து சேர்ந்தால் எண் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மூன்றாவது, படிவின் வலிமையும் திடப்பொருள் சதவீதமும் எந்த ஆழத்தில் அளக்கப்பட்டன என்பது. மேலே ஒரு மீட்டர் உலர்ந்திருக்க, ஐந்து மீட்டர் ஆழத்தில் இன்னும் குழம்பாக இருக்கலாம். ஆழவாரியான அளவுகள் அறிக்கையில் இல்லையென்றால், ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள்.